சுருதி கூட்டுவதே முதற்பாடம்

(அச்சுவேலியில் மிருதங்கம் பழகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் வலியுறுத்த வந்தது ஒரேயொரு கருத்து. மிருதங்கம் பழக வருகிற பிள்ளை, ‘தா தி தொம் நம்’ தொடங்குகிற அதே மாதத்தில் தன் கருவிக்குத் தானே சுருதி கூட்டவும் பழகத் தொடங்க வேண்டும். இப்போதைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. வகுப்பில் ஆசிரியர் கல்லையும் புள் என்ற சிறு மரத்துண்டையும் எடுத்து நாலு தட்டுத் தட்டிச் சரிசெய்து கொடுக்கிறார். பிள்ளை வாங்கி வாசிக்கிறது. வீட்டுக்குப் போனால் சுருதி இறங்கிய கருவியிலேயே கிழமைக்கணக்கில் சாதகம் நடக்கிறது. அரங்கேற்றம் நெருங்கும்போதுதான் சுருதி கூட்டக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே எழுகிறது. அதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த ஐந்தாறு ஆண்டுகளும் காதுக்கு எதைக் கற்பித்தன என்று நாம் கேட்பதில்லை. பிழையான நாதத்தைச் சரியான நாதமென்று நம்பும்படி அவை கற்பித்தன. விரல் அன்றாடம் எழுப்பும் ஒலியைக் காது அன்றாடம் ஏற்றுக்கொள்கிறது. நாட்பட ஏற்றுக்கொண்டதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இதை வெறும் கருத்தாக விடாமல் நிறுவ வேண்டுமானால் கருவியின் கட்டமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். பலாமரத்தில் குடைந்த கட்டை. வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. வலந்தலையில் தோல் ஓரடுக்கு அல்ல, மூன்றடுக்கு: மேலே வளையமாக வெட்டிய வெட்டுத்தட்டு, இடையில் கொட்டுத்தட்டு, அடியில் இன்னொரு வளையம். நடுவில் சாதம் எனப்படும் கரிய பூச்சு. இந்தத் தோல்களையெல்லாம் விளிம்பில் இறுக்கிப் பிடித்திருக்கும் பின்னலே மூட்டு. மூட்டைச் சுற்றிப் பதினாறு கண்கள் உண்டு. அந்தக் கண்களுக்கூடாக ஒரே நீளமான தோல்வார் வலந்தலைக்கும் தொப்பிக்கும் இடையில் மாறிமாறி ஓடி இரண்டு முகங்களையும் இழுத்துப் பிடிக்கிறது. அதாவது ஒரு வட்டத்தோலைப் பதினாறு இடங்களிலிருந்து இழுக்கிறோம். அந்த இழுவை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் கருவி பேசும். எங்கோ ஓரிடத்தில் தளர்ந்தால் கருவி கம்மும், கீறும், அல்லது இரண்டு குரலில் பேசும்.

ஏன் இரண்டு குரல்? இதற்கு விடை சொன்னவர் பௌதிக அறிஞர் சர் சி. வி. ராமன். 1920 இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பும், 1934 இல் இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி விரிவான கட்டுரையும் எழுதினார். சாதமில்லாத வெறும் வட்டத்தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்று வரும். ஆகவே அந்த ஒலியில் இன்ன சுரமென்று காது பற்றிக்கொள்ள எதுவும் இராது. நடுவில் சாதம் ஏற்றியதும் தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்து ஐந்து ஒத்திசைச் சுரங்களாக, அதாவது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக அமைகின்றன என்பதை ராமன் காட்டினார். நம் முன்னோர் காதாலும் கையாலும் கண்டதைப் பௌதிகம் உறுதிசெய்த இடம் இது. ஆனால் இந்த ஒழுங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. வெவ்வேறு திசைகளில் அதிரும் அதிர்வுகள் ஒரே சுரத்தில் வந்து சேர வேண்டுமானால் தோல் எல்லாத் திசையிலும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் அதற்குக் குறுக்கே தளர்ந்தும் இருந்தால், ஒரே சுரமாக ஒலிக்க வேண்டியது நெருங்கிய இரு சுரங்களாகப் பிரியும். அவை ஒன்றோடொன்று மோதி ‘வவ்வவ்’ என்ற அலைவைத் தரும். அந்த அலைவைப் பிழையென்று கேட்டு உணர்வதே சுருதி கூட்டும் பயிற்சியின் தொடக்கம்.

மோதிர விரல் சாதத்தின் ஓரத்தில் மெல்லப் படிந்திருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் தட்டும் ‘நம்’ என்ற சொல்லையே எல்லாரும் சுருதி பார்க்கப் பயன்படுத்துகிறோம். விரல் படிந்த இடத்தினூடாகச் செல்லும் ஒரு கோடு அசையாமல் நிற்க, அதன் இருபுறமும் தோல் மாறிமாறி ஏறி இறங்குகிறது. ஆகவே கருவியைச் சிறிது சிறிதாகச் சுழற்றிக் கண்ணுக்குக் கண் ‘நம்’ தட்டிப் பார்க்கும்போது, உண்மையில் தோலின் ஒவ்வொரு திசையையும் தனித்தனியே விசாரிக்கிறோம். இதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் விளங்கும். சொல்லாமல் விட்டால், ஆசிரியர் ஏன் கருவியைச் சுற்றிச்சுற்றித் தட்டுகிறார் என்பது இருபது வயதிலும் விளங்காது.

இனிச் செய்முறை. கல்லைத் தூக்குவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும். மூட்டு, கட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவு கீழே இறங்கியிருக்கிறதா? ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி நின்றால், எத்தனை தட்டினாலும் சுருதி நிலைக்காது. முதலில் அதை நேராக்க வேண்டும். பிறகு சுருதிப் பெட்டியைப் போட்டு, வாய்விட்டு ‘ஸா’ பிடிக்க வேண்டும். குரலால் பிடிக்க முடியாத சுரத்தைக் கையால் பிடிக்க முடியாது. அதன்பின் பதினாறு கண்களையும் ஒரு சுற்றுத் தட்டிக் கேட்டு, மிகத் தாழ்ந்து ஒலிக்கும் கண் எது, மிக உயர்ந்தது எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த கண்ணில் மூட்டின் மேல் புள்ளை வைத்துக் கல்லால் மெல்ல ஒரு தட்டு, சுருதி ஏறும். உயர்ந்திருந்தால் மூட்டின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரு தட்டுக்கு ஒருமுறை கேட்க வேண்டும். கேட்காமல் இரண்டாவது தட்டுப் போடக் கூடாது. ஒரு கண் முடிந்ததும் பக்கத்துக் கண்ணுக்குப் போகாமல் நேரெதிர்க் கண்ணுக்குப் போக வேண்டும், பிறகு அவற்றுக்குக் குறுக்கே உள்ள இரண்டுக்கு. தோல் நடுவிலிருந்து விலகாமல் இருக்க இந்த எதிரெதிர் ஒழுங்கே காப்பு. தொப்பிக்கு ரவையை நீர் விட்டுப் பிசைந்து அப்பி, வலந்தலையின் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே வருமளவுக்குக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது கடைசி வேலை. வாசித்து முடிந்ததும் ரவையை வழித்துத் துடைத்துவிட வேண்டும்; காயவிட்டால் தோல் கெடும்.

வார் மிருதங்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. வார் ஒரே நீளமாக ஓடுவதால் ஒரு கண்ணைத் தட்டினால் அயல் கண்களும் சற்று அசைகின்றன. தொடக்க நிலைப் பிள்ளைக்கு இது குழப்பம். இங்கேதான் போல்ட்டும் நட்டும் பூட்டிய மிருதங்கம் பயிற்சிக்கு உதவும் என்று சொல்கிறேன். நம் தவில்கள் பெரும்பாலும் இந்த வழிக்கு எப்போதோ வந்துவிட்டன. தெட்சணாமூர்த்தி (1933–1975) என்ற தவில் மேதையைத் தந்த இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், இணுவிலிலும் அளவெட்டியிலும் இன்று தவிலைப் பார்த்தால் இரும்பு வளையமும் போல்ட்டுமாகவே இருக்கும். தவிலின் வலந்தலை மிகக் கடுமையான இறுக்கத்தைக் கேட்பது. வீதியுலாவில் மணிக்கணக்காக வாசிக்கப்படுவது. அந்தக் கருவிக்கு இரும்பு ஒத்துப்போயிற்று. மிருதங்க உலகம் இன்னும் பெரும்பாலும் வாருடனேயே நிற்கிறது. கச்சேரி நாதத்துக்கு வாரே சிறந்தது என்ற வித்துவான்களின் தீர்ப்போடு நான் வாதிட வரவில்லை. நான் பேசுவது பயிற்சியைப் பற்றி. போல்ட் ஒவ்வொன்றும் தனித்தனி. ஆறு மில்லிமீற்றர் போல்ட்டில் புரிக்குப் புரி ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. கால் சுற்றுச் சுற்றினால் கால் மில்லிமீற்றர் இழுப்பு. பிள்ளை செய்த பிழை செய்த இடத்திலேயே நிற்கும். அதைக் கேட்டுக் கண்டுபிடித்து, அதே அளவு திருப்பிச் சுற்றிச் சரிசெய்யலாம். காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வார்க் கருவியில் இல்லை.

உலகின் வேறொரு மூலையில் இதே பாடம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது பயன்தரும். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் அமெரிக்கக் கண்டத்தில் உருவாக்கிய கருவி பாஞ்சோ. சுரைக்குடுவையில் தோல் போர்த்தித் தந்தி பூட்டிய கருவியாகத் தொடங்கி, 19 ஆம் நூற்றாண்டில் உலோக வளையமும் கொக்கிகளும் பெற்றது. இன்று பரவலாக வாசிக்கப்படும் பாஞ்சோவில் 11 அங்குல விட்டமுள்ள தோலைச் சுற்றி 24 கொக்கிகள் இருப்பது வழக்கம். அதைப் பழகத் தொடங்குபவர் அந்தக் கொக்கிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கவும், கொக்கிக்குக் கொக்கி விரலால் தட்டிச் சுரம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும் தாமே பழகுகிறார். அதன் தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டப்பட்டதல்ல. தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்பது. தந்தி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை உள்ள தூரமும், அந்த மெட்டிலிருந்து குதிரைவரை உள்ள தூரமும் ஏறத்தாழச் சமமாகும்படி அதை நகர்த்தி வைக்க வேண்டும். பிறகு அந்த மெட்டில் தந்தியை அழுத்தி ஒருமுறை, அதே இடத்தில் மெல்லத் தொட்டு ஒருமுறை மீட்டி, இரண்டும் ஒரே சுரமாகும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருத்த வேண்டும். இவை அங்கே தேர்ந்தவருக்கான இரகசியங்கள் அல்ல, தொடக்கப் பாடங்கள். அங்கே ஒரு பெரிய வித்துவ மரபு இதனால் தாழ்ந்துபோகவில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். பெற்றோர் முதலில் சொல்வது பணம். நல்ல மிருதங்கம் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. பிள்ளை தட்டித் தோலைக் கிழித்துவிட்டால் யார் பொறுப்பு? நியாயமான அச்சம். ஆனால் தோல் கிழிவது தட்டுவதால் அல்ல, எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரியாமல் தட்டுவதால். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே சுரம் உயரும் என்பது பௌதிக விதி. சுருதியை அரைக் கட்டை ஏற்ற இழுவை ஏறத்தாழ 12 சதவீதம் கூட வேண்டும். ஒரு கட்டையில் நிற்கும் கருவியை இரண்டு கட்டைக்குக் கொண்டுபோக 26 சதவீதம். இரண்டரைக் கட்டைக்கு என்றால் 41 சதவீதம். காதுக்குச் சிறிதாகத் தோன்றும் ஏற்றம் தோலுக்குப் பெரும் சுமை. இந்தக் கணக்கை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை, ஆண்குரலுக்கென்று செய்த 24 அங்குலத் தக்குச் சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தை ஐந்து கட்டைப் பாட்டுக்கு ஏற்ற ஒருநாளும் முயலாது. அந்தப் பாட்டுக்கு 22 அங்குலத்தில் வேறு கருவி இருப்பதன் காரணமும் பிள்ளைக்கு விளங்கும். ஆகவே அறியாமையே செலவு வைக்கிறது, பயிற்சி அல்ல. அதற்கு மேலும் அச்சமிருந்தால், வகுப்புக்கொரு பழைய கருவியைப் பொதுவில் வைத்து அதில் பழக்கலாம். சாதம் உதிர்ந்து கச்சேரிக்கு உதவாத மிருதங்கங்கள் இந்த ஊரிலேயே பல வீடுகளின் மூலைகளில் கிடக்கின்றன.

மிகச் சிறு பிள்ளைகள் விடயத்தில் மறுப்பாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கல் நேராக விழாது. புள்ளில் பட வேண்டியது விரலிலோ சாதத்திலோ படும். அந்த வயதில் தட்டும் வேலை ஆசிரியருடையதாகவே இருக்கட்டும். ஆனால் எந்தக் கண் தாழ்ந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் வேலை பிள்ளையினுடையது. அது சொன்ன கண்ணைத்தான் ஆசிரியர் தட்ட வேண்டும். பிழையாகச் சொன்னாலும் தட்டிக் காட்டிக் கேட்க வைக்க வேண்டும். ‘காது பழகாத பிள்ளைக்குச் சுருதி எப்படித் தெரியும்?’ என்பவர்களுக்கும் இதுவே பதில். வயலின் பழகும் பிள்ளை நாலு தந்தியையும் கூட்டப் பழகியே காதைப் பெறுகிறது. காது வந்த பிறகு கூட்டலாம் என்று யாரும் அதைக் காத்திருக்க வைப்பதில்லை.

கைத்தொலைபேசியில் செயலி இருக்கிறதே, அது சொல்லாதா என்பது அடுத்த கேள்வி. செயலி ஒரு தட்டுக்கு ஒரு சுரம் சொல்லும். எந்தக் கண்ணில் குறை, அதை இறக்கினால் எதிர்க்கண் என்னவாகும், அலைவு எங்கிருந்து வருகிறது என்பவற்றை அது சொல்லாது. தோல் ஒலி சில கணத்தில் அடங்கிவிடுவதால் அது சொல்லும் சுரமும் தட்டுக்குத் தட்டு மாறும். சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியாக வைக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டுக்குள் பற்றரி வருவதற்கே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் இது. காது கைவசமிருந்தவர்களின் இசை அந்தக் காலத்திலும் சுருதியோடு இருக்க முடிந்தது. அதேபோல, செயற்கைத் தோல் வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்றும் சிலர் சொல்கிறார்கள். பாஞ்சோவுக்கும் மேலை முரசுகளுக்கும் 1950களின் இறுதியிலிருந்து பிளாஸ்ரிக் தோல் வந்துவிட்டது, பெங்களூரில் கே. வரதரங்கன் மிருதங்கத்துக்கே செயற்கைத் தோல் அமைத்திருக்கிறார். ஈரத்துக்கு அஞ்சாத தோல் பெரிய வசதிதான். ஆனால் ஒரு வட்டத்தைப் பல இடங்களிலிருந்து சமமாக இழுக்க வேண்டும் என்ற தேவை எந்தத் தோலிலும் மாறுவதில்லை.

ஈரத்தைப் பற்றிச் சொன்னேன்; அது இந்த ஊருக்குத் தனியே உரிய காரணம். நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடுகிறது. மாரியில் தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது; சுருதி இறங்குகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. பறையை நெருப்பில் காட்டிவிட்டு அடிப்பதன் காரணமும் இதுவே. மாரியில் ஏற்றிய சுருதியை இறக்காமல் உறையில் போட்டுக் கோடையில் எடுத்துப் பார்த்தால் தோல் வெடித்திருக்கக்கூடும். அச்சுவேலிக்குத் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் போல்ட்டுத் துருப்பிடிக்கும், துருப்பிடித்த நட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் புரி தேயும். துடைத்துச் சிறிது எண்ணெய் பூசி வைப்பது இங்கே கட்டாயம். இவ்வளவும் கிழமைக்கு ஒருமுறை கருவியைக் காணும் ஆசிரியர் செய்யக்கூடியதல்ல. கருவி இருக்கும் வீட்டில் இருப்பவரே செய்ய முடியும், அது மாணவர்.

‘மரபில் இப்படி இல்லையே, குரு அல்லவா கூட்டித் தந்தார்?’ என்பவர்கள் குருகுல வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சீடன் குருவின் வீட்டிலேயே இருந்தான். குரு காலையும் மாலையும் சுருதி கூட்டுவதை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தான், கருவியைப் பிடித்துச் சுழற்றிக் கொடுத்தான். கற்பிக்காமலே அது கற்பிக்கப்பட்டது. கிழமைக்கு ஒரு மணிநேர வகுப்பில் அந்த வாய்ப்பு இல்லை. குருகுலம் தானாகத் தந்ததை நாம் திட்டமிட்டுத் தராவிட்டால் மரபின் ஒரு பகுதியை நாமே கைவிட்டவர்களாவோம்.

இன்னொரு மறுப்பைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. தோல்வேலை வேறு ஆட்களின் வேலை, நம் பிள்ளை வாசிக்க மட்டும் பழகினால் போதும் என்ற எண்ணம் அது. இதைச் சாதியெண்ணம் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். மிருதங்கம் செய்பவர்களின் வரலாற்றைக் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020 இல் ‘செபாஸ்தியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். தஞ்சாவூர்த் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கையறிவும் காதறிவும் இந்த நாதத்தை எப்படி உருவாக்கின என்பதை அந்நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) புகழ்பெற்ற நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். தோலைத் தேர்ந்து, மூட்டுக் கட்டி, சாதம் போட்டுத் தந்தவர் இசையறிவில் குறைந்தவரல்லர். அவர் கேட்ட நுணுக்கத்தைக் கேட்டால்தான் அவர் செய்த வேலையின் அருமை விளங்கும். பதினாறு கண்களையும் ஒரே சுரத்தில் நிறுத்தத் தானே முயன்று பார்த்த பிள்ளை, அந்த உழைப்பை இனி ஒருபோதும் இழிவாக எண்ணாது.

சுருதி கூட்டப் பழகியவர் கருவி திருத்துபவரின் பிழைப்பில் கைவைக்கிறார் என்பதும் சரியல்ல. முழு வாரையும் அவிழ்த்து மறுபடி இழுத்துப் பிடித்தல், மூட்டு மாற்றுதல், சாதம் போடுதல் ஆகிய மூன்றும் ஆண்டுகள் பழகிய கைக்கே உரியவை. மாணவர் அவற்றில் இறங்கக் கூடாது. எந்த வேலை தன்னால் ஆகும், எந்த வேலைக்குத் திருத்துபவரிடம் போக வேண்டும் என்ற எல்லையை அறிவதும் இந்தப் பயிற்சியின் பகுதிதான். கருவியில் என்ன குறை என்று சொல்லத் தெரிந்தவர் கொண்டுபோகும் மிருதங்கம் விரைவாகவும் நன்றாகவும் திருந்தும். ஆகவே வலிகாமம் கிழக்கில் மிருதங்க வகுப்பு நடத்தும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இது: அடுத்த தவணைக்குள் கருவி திருத்தும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மூட்டை அவிழ்த்துக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியருக்குக் கொடுக்கும் கதிரையை அவருக்கும் கொடுங்கள், ஆசிரியருக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் கொடுங்கள்.